எலிசபெத் ஃபிரை நியூகேட் சிறைப் பெண்களை மீட்டாரா, அடக்கினாரா?

பதிவு 1 · தறிநாடா

நண்பர்களுக்கு வணக்கம். லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த ஐந்து பவுண்டு தாள் ஒன்று, பழைய நாட்குறிப்பின் நடுவிலிருந்து சென்ற வாரம் கிடைத்தது. இங்கிலாந்து வங்கி 2002 முதல் வெளியிட்டு, 2016இல் சர்ச்சில் படம் போட்ட புதிய தாள் வந்தபின் 2017இல் விலக்கிக்கொண்ட தாள் அது. அதன் பின்புறத்தில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஃபிரை (1780–1845) இருக்கிறார். லண்டனின் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்கு அவர் வாசித்துக் காட்டும் காட்சியும் சிறிதாக அச்சாகியிருக்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தவர் ஃபிரை அல்லர், ஹாரியட் ஸ்கெல்டன். வீட்டு வேலை செய்துகொண்டிருந்த இப்பெண், தன் ஆண் துணையின் பொருட்டு இதே வங்கியின் கள்ள நோட்டுகளை மாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1818 ஏப்ரலில் நியூகேட்டுக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். கள்ள நோட்டு வைத்திருந்ததாகச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் நாடு கடத்தலோடு உயிர் தப்பியிருக்கலாம். யாரோ சொன்ன தவறான யோசனையைக் கேட்டு அவர் மறுத்துவிட்டார். அவருக்காக ஃபிரை உள்துறைச் செயலர் சிட்மத் பிரபு வரை சென்று மன்றாடினார். உயிர்ப்பிச்சை கிடைக்கவில்லை, சிட்மத்துடன் இருந்த உறவும் முறிந்தது. எந்த வங்கியின் நோட்டுக்காக ஸ்கெல்டன் தூக்கில் தொங்கினாரோ, அந்த வங்கியின் நோட்டிலேயே அவர் கடைசி நாட்களைக் கழித்த சிறை படமாக வந்திருக்கிறது.

நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். ஃபிரையைப் பாடத்தில் 'சிறையின் தேவதை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர் அந்தப் பெண்களை மீட்டாரா, அல்லது அதுவரை இல்லாத ஓர் ஒழுங்குக்குள் அடக்கினாரா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 · பழஞ்சுவடி

மீட்டார் என்பதே என் கருத்து. அதை மறுப்பவர்கள் 1813இன் நியூகேட்டை முதலில் கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 300 பெண்கள், அவர்களுடைய பிள்ளைகளுடன், இரண்டு பெரிய அறைகளிலும் இரண்டு சிறிய அறைகளிலும் அடைபட்டிருந்தார்கள். விசாரணைக்குக் காத்திருப்பவளும், தூக்குத் தண்டனை பெற்றவளும், துணித்துண்டு திருடிய சிறுமியும் ஒரே தரையில் படுத்தார்கள். பாய் கிடையாது, போர்வை கிடையாது. சமைப்பதும் துவைப்பதும் படுப்பதும் அதே இடத்தில்தான். நீண்ட குச்சியின் முனையில் மரக்கரண்டியைக் கட்டி, கம்பிக்கு வெளியே நீட்டி, வருவோர் போவோரிடம் காசு கேட்டார்கள். அந்தக் காசு சிறைக்குள்ளேயே விற்ற மதுவுக்குப் போயிற்று. சிறை ஆளுநரே தனியாக உள்ளே நுழையத் தயங்கிய இடம் அது.

ஸ்டீஃபன் கிரெலே என்ற குவேக்கர் போதகர் சொல்லக் கேட்டு 1813இல் குழந்தைத் துணிகளுடன் அங்கே சென்ற ஃபிரை, வீட்டுச் சுமைகளால் சில ஆண்டுகள் விலகியிருந்து, 1816 கிறிஸ்துமஸ் சமயத்தில் மீண்டும் சென்றார். 1817 ஏப்ரலில் பெண் கைதிகளுக்கான சங்கம் அமைந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண்களுக்குத் தையலும் பின்னலும், அவர்கள் பின்னியதற்குக் கூலி, மேற்பார்வைக்கு ஒரு பெண் அதிகாரி ஆகியவை வந்தன. 1818இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண் கைதிகளைப் பெண்களே காவல் காக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். பசியும் குளிரும் அறிந்தவர்களிடம் போய், 'உங்களுக்குப் போர்வை கொடுத்தது ஓர் அடக்குமுறை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பதிவு 3 · கூர்மதி

பழஞ்சுவடி அவர்கள் போர்வையைச் சொன்னார், விதிகளைச் சொல்லவில்லை. 1817இல் அந்தப் பெண்கள் முன் விதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. பிச்சை கேட்கக் கூடாது, சபிக்கக் கூடாது, சூதாடக் கூடாது, சீட்டாடக் கூடாது. நாவல்களும் நாடகங்களும் உள்ளே வரக் கூடாது. பன்னிரண்டு பேருக்கு ஒருத்தி கண்காணிப்பாளர். ஒவ்வொரு விதிக்கும் கைகளை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன என்று பெருமையாக எழுதியும் வைத்தார்கள். தூக்கு மேடை நூறு அடி தொலைவில் இருக்கும்போது உயரும் கையைச் சம்மதத்தின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, வேடிக்கை. ஃபிரை பைபிள் வாசிக்கும் நாட்களில் பிரபுக்களும் வெளிநாட்டு விருந்தினர்களும் அனுமதி பெற்று வந்து அமர்ந்து பார்த்தார்கள். முன்பு கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், இப்போது உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் நியமிக்கப்பட்ட சிறை ஆய்வாளர்களே இந்தக் கூட்டத்தைக் குறை கூறியிருக்கிறார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான், ஒருவரோடு ஒருவர் பேசவும் விடாத தனியறைச் சிறைமுறையும் இவரால் வந்து சேர்ந்தது.

பதிவு 4 · வழக்குரை

கூர்மதி அவர்களுடைய கடைசி வாக்கியம் பிழை. அதை அப்படியே விட முடியாது. தனியறை முறையை ஃபிரை எதிர்த்தார். பகலில் பெண்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், இரவில் மட்டும் தனித்திருக்கலாம் என்பதே அவர் நிலை. அவரைக் குறை கூறிய ஆய்வாளர்கள்தாம் தனியறை முறையின் தீவிர ஆதரவாளர்கள். அவர்களுடைய குறைகூறலைச் சான்றாகக் காட்டும்போது, அது எந்த நோக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் சட்ட வரலாறு படித்தவன் என்பதால், இந்த விவாதத்தில் விடுபடும் ஒரு பின்னணியைச் சொல்கிறேன். அக்கால ஆங்கிலச் சட்டம் பெண்ணின் உடலைத் தனி வகையாகவே கருதியது. கள்ள நாணயம் அடித்த குற்றத்துக்கு ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ. 1789இல் நியூகேட்டின் வெளியே கேத்தரின் மர்ஃபி என்ற பெண், அதே குற்றத்துக்காக அவருடைய கணவரும் மற்ற ஆண்களும் தூக்கிலிடப்பட்ட அதே நாளில், கழுத்து நெரிக்கப்பட்ட பிறகு எரிக்கப்பட்டார். இப்படி எரிக்கப்பட்ட கடைசிப் பெண் அவர். 1790இல் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. பெண்களைப் பொது இடத்தில் சவுக்கால் அடிப்பது 1817இலும், அடிப்பதே முற்றிலுமாக 1820இலும் நின்றது.

மரண தண்டனை பெற்றவள் தான் கருவுற்றிருப்பதாகச் சொன்னால், பெண்களைக் கொண்ட ஒரு தனி ஜூரி அவளைச் சோதித்துப் பார்க்கும். வயிற்றில் குழந்தை அசைவதாக அவர்கள் சொன்னால், பிரசவம் வரை தண்டனை தள்ளிப்போகும். பிறகு பெரும்பாலும் குறைக்கப்படும். கருவுற்ற பெண்ணுக்கு மரண தண்டனையே கூடாது என்று சட்டம் வந்தது 1931இல்தான்.

1823ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தைத்தான் ஃபிரையின் வெற்றியாகச் சொல்கிறோம். பெண் கைதிகளுக்குப் பெண் காவலர், ஆண் அதிகாரி உள்ளே போனால் உடன் ஒரு பெண் அதிகாரி என்பவை அதில் இடம்பெற்றன. ஆனால் சிறிய ஊர்களின் சிறைகளையும் கடனாளிகளுக்கான சிறைகளையும் அது தொடவில்லை. மீறினால் கேட்பதற்கு ஆய்வாளரும் 1835 வரை இல்லை. அதற்கு முன் சிறைச்சாலைகளில் பெண்கள் எதற்கு ஆளானார்கள் என்பதை, 'ஆண் காவலர் தனியே நுழையக் கூடாது' என்று ஒரு விதி எழுத வேண்டியிருந்ததிலிருந்தே ஊகிக்கலாம். அந்த ஒரு விதிக்காக மட்டுமே நான் ஃபிரையை மதிப்பேன்.

பதிவு 5 · கூர்மதி

தனியறை குறித்த பிழையை ஒப்புக்கொள்கிறேன்; திருத்தியமைக்கு நன்றி. மற்றவற்றில் என் கருத்து மாறவில்லை.

பதிவு 6 · ஹோபார்ட்வாசி

நான் பத்து ஆண்டுகளாகத் தாஸ்மேனியாவில் வசிக்கிறேன். நியூகேட்டைப் பற்றிப் பேசும் நண்பர்கள், அங்கிருந்து பெண்கள் எங்கே போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 25,000 பெண்கள் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் கஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்கூடம் இருக்கிறது. பெயரில்தான் தொழிற்கூடம், உண்மையில் சிறை. சாராயம் வடிக்கும் ஆலையாக இருந்த கட்டடத்தை வாங்கி 1828இல் திறந்தார்கள். மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய பள்ளம் அது. குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கல் மதில்களும் வெற்று முற்றங்களுமே. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஆஸ்திரேலியக் கைதித் தலங்களுள் இதுவும் ஒன்று.

அங்கே பெண்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். கடைசி வகுப்பு 'குற்ற வகுப்பு'. அவ்வகுப்புப் பெண்களின் உடையில் மஞ்சள் நிறத்தில் பெரிய 'சி' எழுத்து முதுகில் ஒன்று, வலக்கையில் ஒன்று, பாவாடையின் பின்புறம் ஒன்று எனத் தைக்கப்பட்டிருக்கும். ஊராரின் துணிகளைத் துவைப்பது அவர்கள் வேலை. நன்னடத்தை உள்ளவர்கள் குடியேறிகளின் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பப்பட்டார்கள். வேலைக்குப் போன வீட்டில் ஒருத்தி கருவுற்றால், காரணமானவன் எசமானனாகவே இருந்தாலும், அவள்தான் திருப்பி அனுப்பப்படுவாள். அங்கே பிள்ளை பெறுவாள். பால் மறக்கடித்துக் குழந்தையைப் பிரித்த பிறகு, கருவுற்ற குற்றத்துக்காக ஆறு மாதம் குற்ற வகுப்பில் தண்டனை அனுபவிப்பாள். பிரித்த குழந்தைகள் ஈரமும் நெரிசலும் மிகுந்த அறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தார்கள். 1838இல் மரண விசாரணை நடக்கும் அளவுக்கு அது ஊரறிந்த செய்தியாயிற்று.

நான் முதன்முறை போனபோது என் மகளுக்கு ஏழு மாதம். அவளைத் தூக்கிக்கொண்டு அந்த முற்றத்தில் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

இந்தப் பெண்கள் அடங்கிக் கிடந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். சிட்னியை அடுத்த பரமாட்டா தொழிற்கூடத்தில் 1827இல் உணவைக் குறைத்தபோது, கதவை உடைத்துக்கொண்டு பெருந்திரளாக ஊருக்குள் ஓடி ரொட்டிக் கடைகளில் கை வைத்தார்கள். 1831இல், தலைமுடியை வெட்டும் தண்டனையை எதிர்த்து அதே இடத்தில் மீண்டும் கலகம் செய்தார்கள்.

பதிவு 7 · தறிநாடா

ஹோபார்ட்வாசி அவர்களுக்கு நன்றி. உங்கள் ஊருக்கும் ஃபிரைக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. நாடு கடத்தப்படும் பெண்களை விலங்கிட்டுத் திறந்த வண்டியில் ஊர் நடுவே கொண்டுபோவது வழக்கம். வழியெங்கும் கூட்டம் கூச்சலிடும். அதற்கு முந்தைய இரவு, பெண்கள் நியூகேட்டின் சன்னல்களையும் சாமான்களையும் அடித்து நொறுக்குவதும் வழக்கம். 1818இல் மூடிய வண்டிகளில் அனுப்ப ஏற்பாடு செய்து, தாமும் கப்பல் வரை உடன் வருவதாகச் சொல்லி, அந்தக் கலவரத்தை ஃபிரை நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு கப்பலிலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுக்கும் வழக்கம் வந்தது. அதில் ஊசி, நூல், கத்தரிக்கோல், பைபிள் ஆகியவற்றோடு, ஒட்டுத் தைப்பதற்கான துணித்துண்டுகளும் இருந்தன.

1841 ஏப்ரலில் வுல்விச்சிலிருந்து புறப்பட்டு ஜூலையில் ஹோபார்ட் சேர்ந்த 'ராஜா' என்ற கப்பலில் 180 பெண் கைதிகள் இருந்தார்கள். வழியில் அவர்கள் 2,815 துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி விரிப்பு இன்று கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நெடுங்காலம் எங்கே போயிற்று என்று தெரியாமலிருந்து, ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 1989இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது. நியூகேட்டிலும் கஸ்கேட்ஸிலும் இருந்த பெண்கள் தாமே எழுதி வைத்தவை அரிது. சிறை ஆளுநர் எழுதினார், நீதிபதி எழுதினார், பாதிரியார் எழுதினார், ஃபிரை எழுதினார். கைதிகள் தம் கையால் விட்டுச்சென்ற இந்த விரிப்பை ஃபிரையின் பக்கம் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பதிவு 8 · கூர்மதி

விரிப்பின் ஓரத்தில் தைத்திருக்கும் வாசகத்தையும் சொல்லியிருக்கலாம். கைதிக் கப்பல்களைக் கவனித்த குழுவின் சீமாட்டிகளுக்கு நன்றி தெரிவிப்பதாகவும், சோம்பியிராமல் உழைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன அறிவுரையை மறக்கவில்லை என்பதற்கு இது சான்று என்பதாகவும் அதில் தைத்திருக்கிறது. இது யாருடைய சொல்? துணி அவர்களுடையது, நூல் அவர்களுடையது, வாசகமும் அவர்களுடையது. கை மட்டும் கைதிகளுடையது. 180 பேரில் ஒருத்தியின் பெயர்கூட அந்தத் துணியில் இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் அமைச்சருக்கு வாசித்தளிக்கும் வரவேற்பு மடலைப் பார்த்து மாணவர்களின் மனநிலையை அளக்க முடியுமா?

பதிவு 9 · ஹோபார்ட்வாசி

வாசகத்தைப் பற்றிக் கூர்மதி சொல்வது சரியே. ஆனால் அந்த விரிப்பை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அது நைந்த துணி; ஒளி படக் கூடாது என்பதால் அரிதாகவே வெளியே எடுக்கிறார்கள். சில இடங்களில் தையல் எறும்பு வரிசை போல நேராகவும் நெருக்கமாகவும் போகிறது. சில இடங்களில், ஊசியை அதற்கு முன் பிடித்தே அறியாத கை என்பது தெரிகிறது. ஊசி குத்திய விரல்களின் ரத்தம் பட்ட சிறு கறைகளும் அதில் இருப்பதாகக் கலைக்கூடத்தார் சொல்கிறார்கள். வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், தையல் கோணியதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. கடலில் மூன்றரை மாதம், ஆடும் தளத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்.

பதிவு 10 · அல்லி

ஊசியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு துணியை இங்கே கொண்டு வருகிறேன். லண்டனின் ஹாலோவே சிறை 1852இல் திறந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு மட்டுமானதாயிற்று, 2016இல் மூடப்பட்டது. வாக்குரிமை கேட்டுக் கடைச் சன்னல்களை உடைத்த பெண்கள் 1912 மார்ச்சில் அங்கே அடைபட்டிருந்தபோது, ஒரு கைக்குட்டையில் தங்கள் கையொப்பங்களை நூலால் தைத்தார்கள். அதில் 66 கையொப்பங்கள் இருக்கின்றன. சசெக்ஸில் வெஸ்ட் ஹோத்லி என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் அது இன்றும் உண்டு. 'ராஜா' விரிப்பில் நன்றி இருக்கிறது, பெயர் இல்லை. இந்தக் கைக்குட்டையில் கிட்டத்தட்ட பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அது.

அந்த மாற்றம் எல்லாப் பெண்களுக்கும் நிகழவில்லை என்பதை அவர்களிலேயே ஒருத்தி அம்பலப்படுத்தினார். 1909 ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் ஹாலோவேயில் முதன்முதலாக உண்ணாவிரதம் இருந்தார். 91 மணி நேரத்துக்குப் பிறகு விடுவித்துவிட்டார்கள். அவரைப் பின்பற்றியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து, பர்மிங்காம் சிறையில் தொடங்கி, குழாயை உள்ளே செலுத்திப் பலவந்தமாக உணவூட்டினார்கள். பிரபு குடும்பத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் லிட்டன் அக்டோபரில் நியூகாசில் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, மருத்துவர் சோதித்து, இதயம் பலவீனம் என்று சொல்லி விடுவித்தார்கள். தன் இதயத்துக்காகவா, தன் தந்தையின் பட்டத்துக்காகவா என்ற ஐயம் அவருக்கு வந்தது.

1910 ஜனவரியில் முடியை வெட்டிக்கொண்டு, மலிவான உடையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, 'ஜேன் வார்ட்டன், தையல்காரி' என்று பெயர் கொடுத்து லிவர்பூலில் கைதானார். வால்ட்டன் சிறையில் யாரும் அவருடைய இதயத்தைச் சோதிக்கவில்லை. எட்டு முறை குழாய் செலுத்தினார்கள். முதல் முறை முடிந்ததும் மருத்துவர் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனதாக அவர் எழுதியிருக்கிறார். யார் என்று தெரிந்ததும் விடுவித்தார்கள். 1912இல் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. இடக்கையால் தன் சிறை அனுபவத்தை எழுதி 1914இல் வெளியிட்டார். 1923இல் இறந்தார். அவர் வேடம் போட்ட அந்தத் தையல்காரி உண்மையான தையல்காரியாக இருந்திருந்தால், அவள் பட்டதைச் சொல்ல ஒரு புத்தகம் வந்திருக்காது. 'இது யாருடைய சொல்?' என்ற கூர்மதி அவர்களின் கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது.

1913 ஏப்ரலில் வந்த 'பூனை எலி' சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் நீட்டவில்லை. உண்ணாவிரதத்தால் மெலிந்தவளை வெளியே விட்டு, தேறியதும் மறுபடி பிடித்து அடைப்பதற்கான சட்டம் அது.

பதிவு 11 · வேம்படி

அல்லி சொன்ன அதே 1913இல், தென்னாப்பிரிக்காவின் மாரிட்ஸ்பர்க் சிறையில் நம் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்குட்டை எதையும் விட்டுச் செல்லவில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடந்து பதிவாகாத திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்று ஆனது. அதை எதிர்த்து, செப்டம்பரில் கஸ்தூர்பாவும் வேறு மூன்று பெண்களும் ஆண்களுடன் அனுமதியின்றி மாகாண எல்லை தாண்டிக் கைதானார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட 11 பெண்கள், ஒருவர் தவிர எல்லோரும் தமிழர்கள், நேட்டாலின் நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் தீயாகப் பரவியது. அக்டோபரில் அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். 11 பேரில் ஆறு பேர் கையில் குழந்தை இருந்தது.

மாரிட்ஸ்பர்க்கில் அவர்களுக்குத் துணி துவைக்கும் வேலை. வெளி உணவுக்கு அனுமதி இல்லை, உள்ளே கொடுத்தது உண்ணத் தகாதது. அதற்குப் பிறகு சிறை சென்ற வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். வயது பதினாறு. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, மறுபடியும் போகத் தயார் என்று அவர் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். அந்த ஒரு பதில்தான் அவர் வாயிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் காந்தியின் கை வழியே.

என்னை உறுத்துவது இன்னொன்று. காந்தி தம் நூலில் அந்த 11 பேரின் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயரோடுதான். தம்பி நாயுடுவின் மனைவிக்கு வீரம்மாள் என்று ஒரு பெயர் இருந்தது. மனைவி என்ற தகுதியைக் காக்கச் சிறை போனவர்கள், மனைவி என்ற பெயரிலேயே பட்டியலில் தங்கிவிட்டார்கள். இதைக் காந்தியின் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைய மரியாதை அப்படி இருந்தது.

பதிவு 12 · பழஞ்சுவடி

வேம்படி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1930இல் இந்தியச் சிறைகளில் ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்தபோது, அல்லி சொன்ன லிட்டன் கதை நம் சிறைகளுக்குள்ளும் நுழைந்தது. படிப்பும் வசதியும் உள்ளவருக்கு மேல் வகுப்பு, மற்றவருக்கு 'சி'. ஒரே மறியலில் கைதான இரு பெண்களுக்கு இரு வேறு தட்டுகள். வேலூர் பெண்கள் சிறையில் அடைபட்ட கடலூர் அஞ்சலை அம்மாள், கருவுற்றிருந்தபோதும் சிறைப்பட்டார்; பிறந்த மகனுக்கு 'ஜெயில் வீரன்' என்று பெயர் வந்தது. மேடையில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். கஸ்கேட்ஸ் முற்றத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஹோபார்ட்வாசி எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பெயர் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது.

ஆனாலும் ஃபிரை பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பெயரில்லாமல் போர்வையோடு இருப்பதும், பெயரில்லாமல் போர்வையும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

பதிவு 13 · கூர்மதி

அதை மறுக்கவில்லை. போர்வை கொடுத்தவரின் பெயர் மட்டும் ஏன் தங்குகிறது என்பதே என் வருத்தம். ஹோபார்ட்வாசி சொன்ன கோணல் தையலைப் பற்றி இரண்டு நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை.

பதிவு 14 · தறிநாடா

எல்லோருக்கும் நன்றி. நான் தொடங்கிய இழையில் எனக்கே ஒரு பிழை தென்பட்டது. 1817இன் விதிகள் வாசிக்கப்படுவதற்கு முன்பே, நியூகேட்டுக்குள் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியிருந்தது. அதற்கு ஆசிரியை வெளியிலிருந்து வரவில்லை. ஒரு கடிகாரத்தைத் திருடியதற்காக உள்ளே வந்த மேரி கானர் என்ற பெண்ணை, கைதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். அவர் திறம்படக் கற்பித்தார், மன்னிப்பும் பெற்றார், ஆனால் காசநோயால் விரைவிலேயே இறந்துபோனார். சீமாட்டிகளின் சங்கம் அமையும் முன்பே அந்தப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் ஒரு கைதி. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு இது முதலில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஐந்து பவுண்டு தாளில் அவர் இல்லாததால் வரவில்லை போலும்.

'மீட்டாரா, அடக்கினாரா' என்று நான் கேட்ட இரண்டு வினைகளுக்கும் எழுவாய் ஃபிரைதான்; அந்தப் பெண்கள் இரண்டிலும் செயப்படுபொருள். இழையின் தலைப்பை மாற்றித் தருமாறு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன். 'நியூகேட் பெண்கள் தங்களுக்கு யாரை ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தார்கள்?' என்று இருக்கட்டும்.

பதிவு 15 · மட்டுறுத்துநர்

வணக்கம். மறுமொழிகள் வந்த பிறகு தலைப்பை மாற்றும் வசதி இத்தளத்தில் இல்லை. வேண்டுமானால் புதிய தலைப்பில் தனி இழை தொடங்கி, இதற்கான இணைப்பை அங்கே கொடுக்கலாம்.